எடுக்கறதுக்கு மட்டும் புருஷன் வரணுமா?

ரெண்டாவது பிரசவம் முடிஞ்ச கையோட ஆஸ்பத்திரியில எனக்குக் கருத்தடைக்குன்னு காப்பர் டி போட்டுவிட்டாங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கலை. அதுக்கப்புறம் மாசாமாசம் இடுப்பு ஒடியற மாதிரி வலி, நிக்காத உதிரப்போக்கு. நர்ஸம்மாகிட்ட சொன்னா, "போகப் போகச் சரியாயிடும்"னு மாத்திரை கொடுத்து அனுப்புவாங்க.

அப்போ ஓசூர் சிப்காட்ல ஒரு கம்பெனியில அசெம்ப்ளி வேலை. பாத்ரூம் போக எங்க லைனுக்கே ஒரே டோக்கன். ஒருநாள் எனக்கு உதிரம் கொட்டறப்போ அது வேறொருத்திகிட்ட இருந்தது. சூப்பர்வைசர்கிட்ட கெஞ்சினேன். "டோக்கன் வரட்டும்மா"ன்னார். அது வர்றதுக்குள்ள வெள்ளைக் கோட்டு நனைஞ்சு, ஸ்டூலெல்லாம் ரத்தம். பக்கத்துல இருந்த அத்திப்பள்ளிக்காரி மஞ்சுளா தன் கோட்டைக் கழட்டி என் இடுப்புல கட்டி, "பா அக்கா, ஹோகோணா"ன்னு, வா போலாம்னு கன்னடத்துல சொல்லி, நேரா அதே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனா.

"இதை எடுத்துடுங்க"ன்னேன். நர்ஸம்மா நிமிர்ந்துகூடப் பாக்கலை. "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா. அவர் சொன்னாத்தான் எடுப்போம்."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிடுச்சு. "போடும்போது அவரைக் கேட்டீங்களா? என்னையாவது கேட்டீங்களா? ஒண்ணுக்குப் போக ஒருத்தர்கிட்ட அனுமதி, என் உடம்புல இருக்கறதை எடுக்க இன்னொருத்தர்கிட்ட அனுமதியா? எடுக்காம நகர மாட்டேன்"னு கத்தினேன். வார்டே திரும்பிப் பாத்துச்சு. எடுத்தாங்க.

காப்பர் டி கெட்டதுன்னு நான் சொல்லலை. எங்க அண்ணிக்கு நல்லாத்தான் ஒத்துக்கிச்சு. இப்பவும் யாராவது "போட்டுக்கலாமா அக்கா?"ன்னு கேட்டா ஒண்ணுதான் சொல்வேன்: "ஒத்துக்கலைன்னு வந்து நின்னா அன்னைக்கே எடுப்பீங்களான்னு முதல்ல கேளு. பதில் வந்தப்புறம் டேபிள்ல ஏறிப் படு."