பகா எண்களும் ஒரு கவியரங்கமும்

கல்யாணமாகித் தாராவிக்கு வந்த நாளிலிருந்து சுலைகாவுக்கு ஒரே ஏக்கம்தான்: கணக்கைப் பற்றிப் பேச ஓர் ஆள் வேண்டும். மேலப்பாளையத்தில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் வருஷம் படிக்கும்போது நிக்காஹ் முடிந்தது, படிப்பும் முடிந்தது. பகா எண்களுக்கு முடிவே இல்லை என்று கரும்பலகையில் நாலே வரியில் நிரூபித்த அந்த மத்தியானம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போதுகூட அந்த வரிகளை மனசுக்குள் ஓட்டிச் சிரித்துக்கொள்வாள். பிள்ளைகளிடம் சொல்லப்போனால், பரீட்சையில் வருமா என்று கேட்டார்கள்.

கணவர் ஷேக் பரீத் தோல்பைப் பட்டறை வைத்திருந்தார். மனுஷருக்குக் கவிதைப் பித்து. மாதத்தில் ஒரு ஞாயிறு செம்பூரில் கூடும் கவியரங்கத்துக்கு மாப்பிள்ளை மாதிரி கிளம்புவார். அவர் எழுதுவதற்கெல்லாம் முதல் ரசிகை சுலைகா. அவள் ரசிப்பதைக் கேட்கத்தான் அவருக்கு நேரம் வாய்த்ததில்லை.

போன மாதத் தலைப்பு 'தீராதது'. அன்று பார்த்து அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அவளையும் செம்பூருக்குக் கூட்டிப்போய், நீயே வாசித்துவிடு என்று சைகை காட்டிக் கவிதைத் தாளை அவளிடம் கொடுத்தார். மைக் முன்னால் நின்று பிரித்துப் பார்த்தாள். கடல் தீராது, காதல் தீராது என்று எழுதியிருந்தார். தீராது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்று அவளிடம் இருந்தது. என்ன துணிச்சலோ, தாளை மடித்துவிட்டாள்.

கையிலிருக்கும் பகா எண்களையெல்லாம் பெருக்கி ஒன்றைக் கூட்டச் சொன்னாள். வருகிற எண்ணை அவற்றில் எதுவுமே மீதியில்லாமல் வகுக்காது. ஆகவே கையில் சிக்காத பகா எண் ஒன்று வெளியே இருந்தே தீரும் என்றாள்.

மரியாதைக்குக் கை தட்டினார்கள். தலைவர் காசிராஜன், பகா எண் என்பது பெண்ணின் தனிமைக்கு அருமையான படிமம் என்று பாராட்டினார். சுலைகாவுக்கு அழுகை முட்டியது. ஒருத்தருக்குக்கூடப் புரியவில்லை. போதாததற்குக் கணவருடைய கவிதையையும் கெடுத்தாயிற்று.

பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். மன்னிப்புக் கேட்க அவள் வாயெடுக்கும் முன்பே, கட்டிய தொண்டையைச் சிரமப்பட்டுச் செருமினார்.

"அந்தப் புது எண்ணே பகா எண்ணா இருக்கணும்னு இல்லல்லா, சுலைகா? அத வகுக்குற ஒண்ணு வெளிய இருந்தாலும் போதும்லா?"

அவளுக்குப் பதில் தெரியும். முதல் வரியிலிருந்து நிதானமாகச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. இறங்க வேண்டிய சயான் நிறுத்தம் இப்போதே வந்துவிடக் கூடாதே என்று தவித்தாள்.