உப்புத் தண்ணி என்றால் எந்தத் தண்ணி?

மாடி வீட்டு டீச்சர் தனியாள். தங்கை மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போகும்போது, கண்ணாடித் தொட்டியோடு இரண்டு தங்கமீன்களை எங்களிடம் விட்டுப்போனார். "பத்து நாள்தாண்ணே. எனக்குப் பேச்சுத்துணை அதுங்கதான்" என்றார்.

மூன்றாம் நாள் மீன்கள்மேல் ரவை தூவினமாதிரி வெள்ளைப்புள்ளி. ஒன்று துடுப்பை மடக்கி மூலையில் கிடந்தது. அம்பத்தூர் மீன்கடைக்காரரிடம் ஓடினேன். செல்போனில் படத்தைப் பார்த்துவிட்டு, "பூச்சி வந்துகீது. உப்புத் தண்ணில வுடு அண்ணாத்தே, பூடும்" என்றார். கடையில் கூட்டம். அதோடு வந்துவிட்டேன்.

இங்கே திருமுல்லைவாயிலில் உப்புத் தண்ணி என்றால் சின்னப் பிள்ளைகூட போர் குழாயைத்தான் கைகாட்டும். குடிக்க நல்ல தண்ணி, மற்றதுக்கெல்லாம் உப்புத் தண்ணி. ஒருவேளை வேறு ஏதாவது சொன்னாரோ என்று மனைவியிடம் கேட்டேன். "ஏன், நம்ம போர்ல வர்றது பன்னீரா?" என்றாள். தொட்டியை போர் தண்ணியால் நிரப்பினோம்.

இரண்டு நாளில் புள்ளி இரட்டிப்பானது. மூலையில் கிடந்தது இரை எடுக்கவில்லை. மறுபடி பஸ் பிடித்தேன்.

"போர் தண்ணியா ஊத்துன?" கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "பேர்தான் உப்புத் தண்ணி. பக்கெட்ல வெள்ளையா படியுதே, அது சுண்ணாம்பு. பூச்சி அதுல சொகமா குளிக்கும். கல்லுப்பு போடு. லிட்டருக்கு அரை ஸ்பூன். ஒரேடியா கொட்டாத, கரைச்சு ரெண்டு நாளா பிரிச்சு ஊத்து."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"உப்புன்னா உப்புதான நைனா. இன்னான்னு சொல்றது?"

அப்புறம்தான் நிதானமாக விளக்கினார். "புள்ளி நாளைக்கே போவல்லன்னு திரும்ப வந்து நிக்காத. பூச்சி தோலுக்குள்ள கீது, அங்க உப்பு எட்டாது. பெருத்து, கீழ உழுந்து, குட்டி போடும். குட்டிங்க மீனத் தேடிகினு நீந்தும் பாரு, அப்பதான் உப்பு அத்தக் கொல்லும். புள்ளி போனாலும் பத்து நாள் வுடாம வெச்சிரு."

கல்லுப்பைக் கரைத்து ஊற்றினேன். முதல் இரண்டு நாள் ஒரு மாற்றமும் இல்லை. எனக்குத்தான் ரத்தக்கொதிப்பு ஏறியது. அப்புறம் புள்ளி ஒவ்வொன்றாக உதிர்ந்தது. டீச்சர் வருவதற்கு முதல்நாள், மூலையில் கிடந்தது மேலே வந்து இரையைக் கவ்வியது. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

டீச்சர் வந்து பார்த்தார். "புள்ளி வந்துச்சுன்னு போன்ல சொன்னீங்க, ஒண்ணையும் காணோமே. எப்படிண்ணே?"

"உப்புத் தண்ணிலதான் டீச்சர். இன்னும் கொஞ்ச நாள் அதிலேயே இருக்கணும்" என்றேன். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

மறுநாள் காலை மாடிப்படியில் டீச்சர் குரல் கேட்டது. ஆவடியில் இருக்கும் சிநேகிதிக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். "மருந்தெல்லாம் வேண்டாம்டி. இங்க போர் தண்ணியிலேயே சரியாயிருச்சு. நானும் இப்பத்தான் பழசைக் கொட்டிட்டு புதுசா ஒரு பக்கெட் புடிச்சு ஊத்தினேன்."

கல்லுப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.