வெடிச் சத்தத்துக்குப் படுக்காமல் நிக்கிறது

ஓம், பொம்பிளையளுக்குத்தான் வேட்டை படிப்பிக்கிறன். நீங்கள் கேக்கிற மாதிரித்தான் எல்லாரும் கேக்கினம். பகலிலை கார் பிரேக் திருத்தி, பின்னேரத்திலை வகுப்புக்குப் போய்ப் படிச்சு எடுத்த தொழில் இது. மானாலை எனக்கு இண்டுவரை அதிர்ச்சி வந்ததில்லை, படிக்க வாறவையாலைதான். ஆருக்காவது எதையாவது படிப்பிச்சு அவதிப்பட்டவைக்கு நான் சொல்லுறது விளங்கும்.

ஆள் சேர்ந்த விதம்

மார்க்கம் எண்ட ஊரிலை ஒரு தமிழ்க் கடைக் கண்ணாடியிலை 'பெண்களுக்கு வேட்டைப் பயிற்சி' எண்டு ஒட்டினன். இஞ்சை, வெளிநாட்டிலை பிறந்த பெட்டையள் வருவினம் எண்டு பாத்தா, வந்தது அஞ்சு அன்ரிமார். ரெக்ஸ்டேலிலையிருந்து மூண்டு பஸ் மாறி வந்த ரஞ்சினி முன் கதிரையிலை. வயசானவையைப் பராமரிக்கிற வேலை அவவுக்கு. ஏன் வந்தனியள் எண்டு கேட்டன்.

"எங்கடை மனுசன் பத்து வருசமா சிநேகிதரோடை மான் வேட்டைக்குப் போறார். ஒரு துண்டு இறைச்சி வீட்டை வந்ததில்லை. நானும் வாறன் எண்டா, வெடிச் சத்தத்துக்கு நீ நிக்கமாட்டாய் எண்டுறார். நிண்டு காட்டினாக் கூட்டிக்கொண்டு போறாராம்."

முதல் வெடி

சுடப் பழகுற இடத்திலை, காதுக்கு மூடி எல்லாம் குடுத்து, எப்பிடிச் சுடுறதெண்டு காட்ட ஒரு வெடி வைச்சன். திரும்பிப் பாத்தா அஞ்சு பேரையும் காணேல்லை. எல்லாரும் குப்புறப் படுத்து, முழங்கையை ஊண்டி, வாயைத் திறந்தபடி புல்லிலை கிடக்கினம். ஆரும் ஆருக்கும் சொல்லேல்லை. எல்லாரும் ஒரே நேரத்திலை.

நான் ஊரிலை சண்டை தொடங்க முன்னமே வெளிக்கிட்டு வந்தவன். துவக்கை வைச்சிட்டு மன்னிப்புக் கேட்டன். ரஞ்சினி எழும்பி, முழங்காலிலை ஒட்டின புல்லைத் தட்டினா.

"பரவாயில்லை அண்ணை. உங்கடை ஒண்டோடை நிண்டிட்டுது. நாங்கள் கேட்டதுகள் ஒண்டோடை நிண்டதில்லை."

அடுத்த சனி

வகுப்பை மூடுவம் எண்டு போனா, எனக்கு முன்னமே அஞ்சு பேரும் நிக்கினம். நான் சுட்டன், ரஞ்சினி படுத்தா. திரும்பச் சுட்டன், திரும்பப் படுத்தா. பிறகு எழும்பி வந்து துவக்கைத் தரச் சொன்னா. வாங்கிச் சுட்டா. குறி பாக்கிற தாளின்ரை ஓரத்திலை ஒரு ஓட்டை. ஆள் நிண்ட இடத்திலை நிக்கிறா.

"மற்றவை சுட்டா எங்கை வந்து விழும் எண்டு தெரியாது அண்ணை. நான் சுட்டா எனக்குத் தெரியும்தானே, பிறகேன் படுப்பான்?"

நவம்பர்

ரஞ்சினிக்கு வேட்டை லைசன்ஸ் கிடைச்சுது. மனுசனும் சொன்ன சொல்லுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மூண்டாம் நாள் அவவிட்டையிருந்து போன் வந்துது. தனியப் போய் மான் ஒண்டு சுட்டு, வயிறு கிழிச்சுத் துப்பரவாக்கிக் மரத்திலை கட்டித் தூக்கிவிட்டாவாம். மனுசனும் சிநேகிதருமா ஆம்பிளையள் நாலு பேரும் எங்கை எண்டு கேட்டன்.

"தங்கிற கபினுக்கை, அண்ணை. முன்னூற்றிநாலு எண்ட சீட்டாட்டம் விளையாடினம். பத்து வருசமா உதுதான் வேட்டையாம். துவக்கிலை கடைக்காரன் ஒட்டின ஸ்டிக்கர்கூட இன்னும் உரிக்கேல்லை."

பொம்பிளையளைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போறதுதான் பெரிய பாடு எண்டு நினைச்சிருந்தன், ஆம்பிளையளைக் கபினாலை வெளியிலை எடுக்கத்தான் வகுப்பு வைக்கவேணும் போலை. அந்தா, அன்ரிமார் அஞ்சு பேரும் காரிலையிருந்து ஹோர்ன் அடிச்சு வேட்டைக்குக் கூப்பிடினம், வாறன்.