வெடிக்கு மிரளாத குதிரை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் நான். இன்று சிவகாசியில் என் பெயரைச் சொன்னால் லாரியில் பட்டாசு லோடு ஏறும். வெடிச்சத்தத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது என்றுதான் இருந்தேன். போன சீசனில் பேத்தி வந்து எடுத்தாள். குதிரைக்கு நோகாமல் அதைப் பழக்குவது எப்படி என்று ஆராய்கிற படிப்பாம் அவளுக்கு. இதற்கெல்லாம் ஒரு படிப்பா என்று சிரித்துவிட்டு, என் தாய்மாமன் குதிரை பழக்கிய கதையைப் பெருமையாகச் சொன்னேன்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாமனிடம் வெள்ளைக் குதிரை ஒன்று இருந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடுவார். எங்கள் பக்கம் சரவெடி இல்லாமல் எந்த மாப்பிள்ளையும் தெருவுக்குள் நுழைய மாட்டார். இதுவோ ஊசிப்பட்டாசுக்கே முன்னங்காலைத் தூக்கும். பக்கத்து ஊர் ஆனைக்குட்டத்தில் ஒரு மாப்பிள்ளையைச் சாக்கடையில் இறக்கிவிட்டு வந்த அன்று அத்தை முடிவாகச் சொல்லிவிட்டாள்.

“அடுத்த கல்யாணத்துலயும் மிரண்டா சந்தைக்கு ஓட்டிருங்க. கொள்ளு திங்க மட்டும் வாய் எம்புட்டு நீளுது பாருங்க.”

“நம்ம ஊர்ப் புள்ளைக வெடிக்கு மிரளுதா? எல்லாம் பழக்கந்தான்,” என்றார் மாமன்.

விற்றுவிடுவார்களோ என்று நான் சோறு இறங்காமல் கிடந்தேன். மாமன் அதை வேப்பமரத்தில் இறுக்கிக் கட்டி, காலடியிலேயே வெடி போட்டுப் பழக்கினார். துள்ளியது, கயிற்றை இழுத்தது, வேர்வையில் நனைந்தது. “பழகிரு தாயி, பழகிரு” என்று நான் கெஞ்சுவேன். ஒருநாள் அது அசையவே இல்லை. அடுத்த கல்யாணத்தில் தெருவே புகையாகியும் சிலைபோல நின்றது. சந்தைப் பேச்சு அதோடு நின்றுபோனது.

பேத்தி சிரிக்கவில்லை.

“பயம் போகல அம்மாச்சி. தப்பிக்க வழியில்லன்னு தெரிஞ்சு, முயற்சிய விட்ருக்கு. தூரத்துல சின்னச் சத்தமா ஆரம்பிக்கணும். குதிரை திரும்பிப் பார்த்துட்டு மறுபடி மேயணும், அம்புட்டுத்தான். அப்புறம் கொஞ்சங் கொஞ்சமாச் சத்தத்தக் கிட்டக் கொண்டு வரணும். நாங்க நெஞ்சுத் துடிப்ப அளந்து பார்ப்போம். சும்மா நிக்கிற குதிரைக்கும் உள்ள அடிச்சுக்கிட்டுக் கெடக்கும்.”

அவளிடம் சொல்லாமல் விட்ட ஒன்று எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

முன்பெல்லாம் என் கொலுசுச் சத்தம் கேட்டாலே அது கனைக்கும். குனிந்து என் தலையை மோந்து பார்க்கும். அந்த மூச்சின் சூடு இந்த வயதிலும் உச்சந்தலையில் இருக்கிறது. அந்தக் கல்யாணத்துக்கு மறுநாள் ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அது சுவரைப் பார்த்தே நின்றது.

“மாமா, என்னயக் கண்டுக்கவே மாட்டேங்குது.”

“பேர் வந்திருச்சுல்ல புள்ள. இனி நம்மள எங்கன பார்க்கப் போகுது?”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் குதிரைக்குக் கர்வம் வந்துவிட்டது என்று தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.