படமெடுக்க மட்டும்

என் மனைவியின் வலது கண்ணைக் கெடுத்தவன் நான்தான். சூரியன் அல்ல. அவளுடைய அஜாக்கிரதையும் அல்ல. நான்!

இதை மருத்துவரிடம் சொல்லவில்லை. உறவினர்களிடம் சொல்லவில்லை. எல்லாவற்றையும்விடக் கேவலம், அவளிடமே பல ஆண்டுகள் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஒருவேளை உங்கள் வீட்டு மாடியிலும் ஒரு தொலைநோக்கி இருக்கலாம்...

செம்பூரில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில்தான் எல்லாம் நடந்தது. இந்த நகரத்தில் இரவு வானம் என்று ஒன்று கிடையாது. தெருவிளக்கும் புகையும் நட்சத்திரங்களை விழுங்கிவிடுகின்றன. ஆகவே நான் பகலுக்கு மாறினேன். இங்கிருந்து தெளிவாகப் பார்க்கக் கிடைக்கும் ஒரே நட்சத்திரம் சூரியன்தானே! கப்பல் சரக்கு அலுவலகத்தில் ஆறு நாள் கணக்குப் பார்ப்பேன். ஞாயிறு காலை சூரியனைப் படமெடுப்பேன்.

கௌரிக்கும் அதில் ஆசை இருந்தது. அவள் மாட்டுங்காவில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நுண்ணோக்கி பார்ப்பவள். ஸ்லைடில் படர்ந்த ரத்தத் துளிக்குள் மலேரியாக் கிருமியைத் தேடிப் பிடிப்பது அவள் வேலை. அந்தக் கண் பழகிய கண். நான் படமெடுத்து முடித்ததும் அவள் வந்து உட்கார்ந்து, சூரியப் புள்ளிகளைப் பென்சிலால் நிதானமாக வரைவாள். என் படத்தில் விடுபட்ட சின்னப் புள்ளிகூட அவள் ஓவியத்தில் இருக்கும்.

சூரியனைப் பார்க்க வடிகட்டி வேண்டும். ஃபில்டர் என்றே நாங்கள் சொல்வோம். அதைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு இருந்த கர்வத்தை என்னவென்று சொல்ல! கண் வைக்கும் பக்கத்தில் திருகும் கறுப்புக் கண்ணாடி வேண்டாம், குவிந்த வெயிலின் சூட்டில் அது வெடித்துவிடும் என்று பத்துப் பேருக்குப் புத்தி சொன்னவன் நான். ஃபில்டர் எப்போதும் குழாயின் வாயில்தான் இருக்க வேண்டும். வெளிச்சம் உள்ளே நுழையும் முன்பே தடுக்கப்பட வேண்டும். அதற்கென்றே செய்த வெள்ளித்தாள் போன்ற படலம் வாங்கி, அட்டை வளையத்தில் பொருத்தி, ஒவ்வொரு தடவையும் வெயிலுக்கு எதிரே பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்த பிறகே மாட்டுவேன்.

அந்தப் படலத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று கண்ணால் பார்ப்பதற்கு. இன்னொன்று கேமராவுக்கு மட்டும். இரண்டாவது மெல்லிய தடுப்பு. பத்து மடங்குக்கும் மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். அதனால் கேமரா கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாகத் திறந்து மூடும். காற்றின் நடுக்கம் படத்தில் விழாது. சூரியனின் மேற்பரப்பு அரிசி மணிகளைப் பரப்பினாற்போல் துலங்கும்.

எனக்கு அந்த அரிசி மணிகள் வேண்டியிருந்தன. வாட்ஸ்ஆப் குழுவில் மற்றவர்கள் அப்படிப் படம் போடும்போது எனக்கு வயிறு எரிந்தது. வாங்கினேன். உறையின் மேல் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தது: படமெடுக்க மட்டும், கண்ணால் பார்க்கக் கூடாது. படித்தேன். நன்றாகப் படித்தேன்! கௌரியிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றல்ல... சொல்லத் தோன்றவில்லை. பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளித்தாள்தான்.

மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு ஞாயிறு. சூரியனில் பெரிய புள்ளிக் கூட்டம் ஒன்று வந்திருந்தது. மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. மெல்லிய படலத்தை மாட்டிப் படங்களாக எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். கௌரி குளித்துவிட்டு, ஈரத் தலையில் துண்டோடு மேலே வந்தாள்.

"ஏன்னா, மேகம் வரதுக்குள்ள நானும் ஒருதடவை பாத்துக்கறேனே?"

ஃபில்டரை மாற்றியிருக்க வேண்டும். மாற்றினால் குழாய் அசையும். மறுபடி குறி வைக்க வேண்டும். அதற்குள் மேகம் மூடிவிடும். என் படவரிசை அறுந்துபோகும். இவ்வளவுதான் காரணம்... இவ்வளவுதான்! குழாய் அசையாமல் கேமராவை மட்டும் கழற்றிக் கண்வில்லையைச் செருகினேன். ஒரு நிமிஷத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

அவள் குனிந்து பார்த்தாள்.

"இன்னிக்கு என்ன இப்படிப் பளீர்னு இருக்கு?"

அப்போதாவது, 'கண்ணை எடு' என்று கத்தியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"வானம் சுத்தமா இருக்கு. அதான்."

அவள் என்னை நம்பினாள். கண் கூசக் கூச, நீர் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். ஒரு நிமிஷத்தில் எழுந்திருப்பவளா அவள்? புள்ளி புள்ளியாக வரைந்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். நான் பக்கத்தில் நின்று, மேகம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கடிகாரத்தைப் பார்த்து, "நடுவுல என்னமோ அழுக்கு மாதிரி மறைக்கறது" என்றாள். மறுநாளும் அது போகவில்லை. கண் மருத்துவர் படமெடுத்துப் பார்த்தார். விழித்திரையின் நடுவில் சின்னதாக ஒரு காயம். சூரியனைப் பார்த்தீர்களா என்றார். நாங்கள் சொன்னோம். என் பக்கம் திரும்பி, கண்ணுக்கான ஃபில்டர்தானே என்று இந்தியில் கேட்டார்.

"ஆமாம்" என்றேன்.

"பக்கா?"

"பக்கா."

அப்படியானால் எப்போதாவது வெறுங்கண்ணால் பார்த்திருப்பீர்கள் என்று அவர் கௌரியிடம் சொன்னார். அவள் யோசித்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கி, உட்காரும்போது குழாய்க்கு மேலாக ஒருதரம் சூரியனை நேரே பார்த்திருப்பேனோ என்னவோ என்றாள். மருத்துவர் தலையசைத்து எழுதிக்கொண்டார்.

நான் மருந்துச் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

வீடு திரும்பியதும், அவள் படுத்திருந்தபோது, அந்தப் படலத்தைக் கத்தரித்துக் குப்பையில் போட்டேன்.

காயம் ஓரளவு ஆறியது, முழுவதும் ஆறவில்லை. அந்த மழைக்காலத்தில் ஒரு ஸ்லைடில் மலேரியாக் கிருமியை அவள் தவறவிட்டாள். சந்தேகப்பட்டு இன்னொருத்தி மறுபடி பார்த்ததால் நோயாளி தப்பினார். அன்றே கௌரி தானாகப் போய், இனி நுண்ணோக்கியில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பெயர் பதிவு செய்யும் கவுன்டரில் உட்கார வைத்தார்கள். "கவனமில்லாதவளுக்கு இதுவே ஜாஸ்தி" என்று சிரித்தாள். என் அம்மா, "ஈரத் தலையோட மாடிக்குப் போனா இப்படித்தான்" என்றாள். நான் அதையும் கேட்டுக்கொண்டேன்.

இதில் கொடுமை என்னவென்றால், காலம் போகப் போக அவளுடைய 'பார்த்திருப்பேனோ' என்பது 'பார்த்தேன்' ஆகிவிட்டது. எந்தப் பக்கம் தலையைச் சாய்த்தாள், எப்படிக் கண் கூசியது என்றெல்லாம் சொல்வாள். நடக்காத ஒன்று அவளுக்குள் நடந்து முடிந்திருந்தது!

சென்ற குளிர்காலத்தில், மாட்டுங்காவில் தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து குழந்தைகளுக்குச் சூரியனைக் காட்ட ஏற்பாடு செய்தார்கள். தொலைநோக்கியை நான் கொண்டுபோனேன். கண்ணுக்கான கெட்டிப் படலம்தான். ஒன்றுக்கு நான்கு தடவை சோதித்தது. வரிசையில் நின்ற குழந்தைகளிடம் கௌரி பேசினாள்.

"ஆன்ட்டி பண்ணின தப்பை நீங்க பண்ணக்கூடாது. ஃபில்டர்ல ஒரு தப்பும் இல்லை. அங்கிள் பாத்துப் பாத்து வாங்கினது. நான்தான் அவசரப்பட்டு வெறுங்கண்ணால பாத்துட்டேன்."

ஒரு சின்னப் பெண் கேட்டாள்: "இப்போ உங்க கண்ணுக்கு எல்லாம் எப்படித் தெரியறது ஆன்ட்டி?"

"இந்தக் கண்ணால உன்னைப் பாத்தா உன் மூக்கு மட்டும் காணாமப் போயிடும்!"

குழந்தைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் குனிந்து ஃபில்டரை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தேன்.

திரும்பும்போது மாட்டுங்கா ரயில் நிலைய நடைமேடையில் சொல்லிவிட்டேன். எந்த முன்னுரையும் வரவில்லை. "அன்னிக்கு மாட்டியிருந்தது கேமராவுக்கான ஃபில்டர், கௌரி. எனக்குத் தெரியும்" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பளீர்னு இருக்குன்னு நான் சொன்னேனே... அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அப்போ நான் நேரே பாக்கலையா?"

"இல்லை."

"எனக்கு ஞாபகம் இருக்கே!" என்றாள். "தலையைச் சாய்ச்சது, கூசினது, எல்லாம் ஞாபகம் இருக்கே... அது எல்லாம் எங்கேந்து வந்தது?"

வண்டி வந்தது. எப்போதும் என்னோடு பொதுப் பெட்டியில் ஏறுபவள், கூட்டத்தோடு நடந்து மகளிர் பெட்டியில் ஏறிக்கொண்டாள்.

அன்று வீட்டில் அவள் பேசியது ஒன்றுதான். "அந்தக் குழந்தைகள்கிட்ட நான் பொய் சொல்லியிருக்கேன். அதை யார் போய் மாத்தறது?"

நான் போனேன். அடுத்த ஞாயிறு தொலைநோக்கியையும் எடுத்துப்போய், அதே பெற்றோர்களையும் குழந்தைகளையும் கூட்டி, எந்த ஃபில்டர், எது கண்ணுக்கு, எது கேமராவுக்கு, நான் என்ன செய்தேன் என்று சொன்னேன். யாரும் திட்டவில்லை. ஒரு தகப்பனார் தம் பெண்ணின் கையைப் பிடித்து மெல்லத் தொலைநோக்கியிலிருந்து விலக்கிக்கொண்டார். இனி நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்று ஏற்பாட்டாளர் மரியாதையாகச் சொன்னார்.

சொன்னால் பாரம் குறையும் என்று யார் சொன்னது? குறையவில்லை... ஒரு பார்வையைத்தான் பறித்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது மட்டும் இல்லை. இப்போதெல்லாம் கௌரி கேஸை மூடிவிட்டுத் திரும்பி வந்து பார்க்கிறாள். கதவைப் பூட்டிவிட்டு மறுபடி இழுத்துப் பார்க்கிறாள். பால்காரருக்குப் பணம் கொடுத்தோமா என்று என்னிடம் கேட்கிறாள். நான் பதில் சொன்னால் அதையும் நம்பாமல் அவரிடமே போய்க் கேட்கிறாள்.

ஒருநாள் தாங்காமல், "நான் என்ன செய்யணும்னு சொல்லு" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியலை" என்றாள். கோபமாகக்கூட இல்லை. "எது நிஜம்னு முதல்ல எனக்கே நிச்சயமாத் தெரியட்டும். அதுவரைக்கும் என்கிட்ட எதுவும் கேக்காதீங்கோ."

நான் கேட்கவில்லை. இன்னும் கேட்கவில்லை.