தையல் டீச்சரின் நன்னெறி வகுப்பு

வாரம் ஒரு பிரிவேளை நன்னெறி வகுப்பு நடத்த வேண்டும் என்று அரசாங்கத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. 2004ஆம் வருடம். நெருப்பெரிச்சல் பக்கம் இருந்த அந்த உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாரும் அறிவியல் வாத்தியாரும் தங்களால் ஆகாது என்று ஒதுங்கிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளை தையல் டீச்சர் ஜெயசுதாவின் தலையில் விழுந்தது.

ஜெயசுதா நெசவுக் குடும்பத்துப் பெண். ஊரே பனியன் தைத்துப் பிழைத்தாலும் பள்ளியின் தையல் மெஷின்கள் துருப்பிடித்துக் கிடந்தன. யாராவது லீவு போட்டால் அந்த வகுப்பில் சத்தம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் அவளுக்கு வேலை. அதனால் புது வகுப்பை உள்ளூரச் சந்தோஷமாகவே எடுத்துக்கொண்டாள். புத்தகம் எதுவும் வரவில்லை. தன் கதையையே சொன்னாள். தையல் பரீட்சைக்கு அக்கா தைத்த ஜாக்கெட்டைக் கொடுத்து மாட்டிக்கொண்டதையும், எல்லோர் முன்னாலும் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டதையும் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள்.

"உண்மையச் சொல்லிப்போட்டா அப்பறம் எதுக்கும் பயப்பட வேண்டியதில்ல கண்ணுகளா" என்றாள்.

ஏழாம் வகுப்பு ரோஸ்மேரி மட்டும் சிரிக்காமல், கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய தாய்தகப்பன் தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். பனியன் கம்பெனி முதலாளி கொடுத்த லைன் வீட்டில் குடியிருந்தார்கள். பள்ளி விட்டதும் ரோஸ்மேரியும் அதே கம்பெனிக்குப் போய்ப் பனியனில் தொங்கும் நூல் பிசிறுகளை வெட்டுவாள். வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான்.

தை பிறந்ததும், பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்களா என்று விசாரிக்கக் கோயம்புத்தூரிலிருந்து அதிகாரி வரப்போவதாகத் தகவல் வந்தது. தலைமை ஆசிரியர் ஜெயசுதாவைக் கூப்பிட்டார். பள்ளிக்குக் காம்பவுண்டுச் சுவர் கட்டித் தந்தவர்களே கம்பெனிக்காரர்கள்தான், அவர்கள் பெயர் கெடக் கூடாது என்றார்.

"நீங்க சொன்னா புள்ளைங்க கேக்குமுங்க டீச்சர். உங்க வகுப்புலயே சொல்லிப்போடுங்க."

அந்த வெள்ளிக்கிழமை அவள் சொன்னாள். அதிகாரி கேட்டால் யாரும் கை தூக்க வேண்டாம் என்று கரும்பலகையைப் பார்த்தபடி சொன்னாள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வந்த அதிகாரி தன்மையான மனிதர். வேலைக்குப் போகிறவர்கள் பயப்படாமல் கை தூக்கலாம் என்றார். வகுப்பு அசையவில்லை. பிறகு ரோஸ்மேரியின் கை மட்டும் மெதுவாக மேலே போனது. அவள் அதிகாரியைப் பார்க்கவில்லை. ஜெயசுதாவைத்தான் பார்த்தாள், சரிதானே என்று கேட்பதுபோல. ஜெயசுதா தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த வாரம் கம்பெனியில் சோதனை நடந்தது. முதலாளி ரோஸ்மேரியின் பெற்றோரை வேலையிலிருந்து நிறுத்தினார், லைன் வீட்டையும் காலி செய்யச் சொன்னார். விஷயம் காதில் விழுந்ததும் ஜெயசுதா அங்கே ஓடினாள். ரோஸ்மேரியின் அம்மா விஜயராணி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். ரோஸ்மேரி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், திரும்பவே இல்லை. முதலாளியிடம் தான் பேசிப் பார்ப்பதாக ஜெயசுதா சொன்னாள்.

விஜயராணி கோபப்படவில்லை. "உண்மையச் சொல்லணும்னு சொன்னதும் நீங்கதானாம், சொல்லக் கூடாதுன்னு சொன்னதும் நீங்கதானாம். எம்புள்ள எதத்தான் டீச்சர் கேக்கும்?"

ஜெயசுதா அங்கிருந்தே கம்பெனிக்கு நடந்தாள். முதலாளியைப் போய்ப் பார்த்தாள். அவர் உட்காரச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, முடிந்துபோன விஷயத்துக்கு எதற்குங்க அலைகிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். அவள் திரும்பி வருவதற்குள் அந்தக் குடும்பம் பஸ் ஏறிவிட்டது.

நன்னெறி வகுப்பை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுப் பார்த்தாள். ஆள் இல்லை என்றார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் கைக்குட்டைக்கு ஓரம் தைக்கக் கற்றுக்கொடுத்தாள். பிள்ளைகளும் கதை கேட்டு அவளைத் தொந்தரவு செய்யவில்லை.

ஜூனில் பள்ளி திறந்ததும் ஆபீஸ் கிளார்க்கிடம் போய், ரோஸ்மேரிக்கு டி.சி. கேட்டு யாராவது வந்தார்களா என்று விசாரித்தாள். அது இல்லாமல் வேறு பள்ளியில் சேர்க்க மாட்டார்கள். வரவில்லை என்றார் கிளார்க். ஆடி மாதம் மறுபடி கேட்டாள். அடுத்த வருடமும் கேட்டாள். யாரும் வரவில்லை.