போல்ட்டுக்குக் கிடைத்த கொஞ்சல்

போன ஆவணியில், வண்டியூரில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. என் தம்பிக்குப் பெண் பேசி முடித்து, பூ வைக்கப் போகிற வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் எழுமலையில் என் அம்மா வீட்டிலிருந்து எல்லோரும் கிளம்பியாக வேண்டும். "அக்கா வந்தாத்தான் நான் வண்டியில ஏறுவேன்" என்று தம்பி முந்தின நாளே சொல்லியிருந்தான்.

நானும் என் வீட்டுக்காரரும் போக வேண்டியது அவருடைய பழைய காரில். அந்தக் காரை எனக்குக் கண்டாலே ஆகாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மனுஷன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அதற்கு அடியில் போய்விடுவார். நான் தலைவலி என்று படுத்தால் "மாத்திரையப் போடு" என்பதோடு சரி. அது ஸ்டார்ட் ஆகும்போது லேசாக இருமினால் இவருக்குச் சோறு இறங்காது. கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை "ஏ, இந்தா" என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. இரும்பின் மேல் போய் ஒருத்தி பொறாமைப்படுவாளா என்று நீங்கள் சிரிக்கலாம். எரிவது என் வயிறுதானே.

அன்று பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து பார்த்தால், பின் டயர் காற்றில்லாமல் உட்கார்ந்திருந்தது. மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னேன். அதை இன்னொருத்தர் தொடுவதா? அவரே ஸ்பானரை எடுத்தார். மூன்று போல்ட் லூசாகிவிட்டது. நாலாவது துருப்பிடித்து அசையவே இல்லை. எண்ணெய் விட்டார், சுத்தியலால் தட்டினார், ஸ்பானர் மேல் ஏறியும் நின்று பார்த்தார். பஸ்ஸில் போய்விடலாம் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை.

செருப்பை எடுக்க உள்ளே போனேன். வாசலில் அவர் குரல். "எந்தங்கம்ல... எம்மேல அம்புட்டுக் கோவமா? செத்த எறங்கி வா, தங்கம்."

யாரடா அவள் என்று எட்டிப் பார்த்தேன். மனுஷன் போல்ட்டைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு உச்சி முதல் பாதம் வரை பற்றிக்கொண்டு வந்தது.

என்னைப் பார்த்ததும், "ஏ, இந்தா, இந்த ஸ்பானர் மேல ஏறி நில்லு. என் வெயிட்டு பத்தல" என்றார். நான் அவரைவிட ஒரு சுற்றுப் பெருத்தவள்.

நான் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன். "அதக் கூப்புட்ட மாதிரி என்னையக் கூப்புடுங்க. ஏறுறேன்."

"வெளையாடாத, நேரமாகுது."

"ஆகட்டும்."

உள்ளே ஜன்னலோரம் மாமியார் காபி குடித்துக்கொண்டிருந்தார். கொழுந்தனும் பக்கத்தில்தான் இருந்தான். இவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட கேட் வரைக்கும் போய்விட்டார். அவரைக் கூப்பிட்டுவிட்டால் இந்த வீட்டில் என் மதிப்பு அவ்வளவுதான் என்று தெரிந்துவிடும் இல்லையா?

கேட்டைத் திறக்காமல் திரும்பி வந்தார். காது சிவந்திருந்தது. "ஏறு, தங்கம்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே.

அவர் தோளைப் பிடித்து, கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். 'கடக்' என்று போல்ட் விட்டுக்கொடுத்தது. நான் அவர் மேல் விழ, இரண்டு பேரும் மண்ணில் கிடந்தோம். உள்ளே கொழுந்தன் சிரிக்கிற சத்தம் கேட்டது.

டயரை மாற்றிக்கொண்டு கிளம்பினோம். உசிலம்பட்டி தாண்டியதும் கேட்டே விட்டேன். "அதுக்கு மட்டும் அம்புட்டுக் கொஞ்சலு. எனக்கு ஏன் இல்ல?"

"நம்ம வீட்டுல ஒரு வார்த்தை சொல்ல முடியுதா? அம்மா சிரிக்கும், என் தம்பி ஊரெல்லாம் சொல்லிக் காட்டுவான். இது ஒண்ணுதான் சிரிக்காது" என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. சொல்ல ஆளில்லாமல் இல்லை, இடமில்லாமல்தான் அத்தனையும் அந்தக் காருக்குப் போயிருக்கிறது.

ராகுகாலத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம், பூவும் வைத்தோம். பொறாமை அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் காபியோடு போய் அந்தக் கார் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்; அடியில் படுத்தபடி அவர் பேசுவதில் எது அதற்கு, எது எனக்கு என்று பிரித்துக் கேட்கத் தெரிந்துவிட்டது.